மார்மன் சபையும் விலகிச் சென்ற தலைவர்களும்



கோலாலம்பூர், சிங்கப்பூர் போன்ற பட்டணங்களுக்குப் போய்வரும் நம்மவர்களில் சிலர் இக்காட்சியைக் கண்டிருக்கலாம். வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை, சட்டைப் பையின் மேல் கறுப்பு நிறப் பெயர் அட்டை. இளைஞர் இருவர் எப்போதும் சேர்ந்தே நடந்து செல்வர். எதிரே வருவோரிடம் சிரித்த முகத்துடன் பேச்சுக் கொடுப்பர். இவர்கள் மார்மன் சபையின் சமய ஊழியர்கள். அச்சபையின் முழுப் பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள சால்ட் லேக் நகரில் அதன் தலைமையகம் இருக்கிறது.

இச்சபையின் முழு வரலாற்றையும் கூற நமக்கு நேரம் போதாது. அதில் ஒரு பகுதியை மட்டும் இன்று எடுத்துக்கொள்வோம். சபையைத் தோற்றுவித்தவருக்கு வலக்கையாய் இருந்தவர்கள், அவரோடு ஒரே மேசையில் உண்டவர்கள், அவருக்காகச் சொத்தை இழந்தவர்கள், இவர்களில் பலர் அவரை விட்டுப் பிரிந்தனர். அவர்கள் ஏன் பிரிந்தனர் என்பதே நம் பேச்சு. எந்தச் சமயத்தாரையும் இழித்துரைப்பது நம் நோக்கமன்று. அந்த நம்பிக்கையில் உறுதியாய் நின்று, அதற்காக அடிபட்டு, பனியிலும் பசியிலும் மடிந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். அவர்களையும் மனத்தில் வைத்துக்கொண்டே இதைக் கேட்க வேண்டும்.

நம் கதை ஒரு பள்ளி ஆசிரியரிடம் தொடங்குகிறது. எங்களைப் போன்ற தோட்டப்பள்ளி ஆசிரியர்களுக்கு அதனாலேயே அவர்மேல் ஒரு தனி ஈடுபாடு உண்டு.

ஆலிவர் கௌட்ரி என்பது அவர் பெயர். 1806ஆம் ஆண்டு வெர்மான்ட் மாநிலத்தில் பிறந்தவர். 1828ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்தின் மான்செஸ்டர் என்னும் சிற்றூரில் பள்ளிக்கூடம் நடத்த வந்தார். அக்காலத்தில் கிராமத்து ஆசிரியருக்குத் தனி வீடு கிடையாது. மாணவர்களின் பெற்றோர் வீடுகளில் தங்கி உண்பதே வழக்கம். கௌட்ரி தங்கிய வீடுகளுள் ஒன்று ஜோசப் ஸ்மித் என்ற ஏழைக் குடியானவரின் வீடு. தந்தையின் பெயரையே தாங்கிய அவருடைய மகன் ஜோசப் ஸ்மித்தைப் பற்றி அங்கே அவர் கேள்விப்பட்டார். தேவதூதர் ஒருவர் தோன்றி மண்ணுள் புதைந்திருந்த பொற்றகடுகளைக் காட்டிக்கொடுத்தார், அவற்றில் பொறிக்கப்பட்டுள்ளதை நான் மொழிபெயர்த்து வருகிறேன் என்று அந்த இளைஞர் சொல்லிக்கொண்டிருந்தார். கௌட்ரி அவரைத் தேடிச் சென்றார். 1829ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் முதல் ஸ்மித் சொல்லச் சொல்ல கௌட்ரி எழுதலானார். மார்மன் நூல் என்று இன்று வழங்கும் நூலின் பெரும்பகுதி இந்தப் பள்ளி ஆசிரியரின் கையெழுத்தில் உருவானதே.

நூல் எழுதி முடியும் தறுவாயில், கௌட்ரியும், டேவிட் விட்மர் என்பவரும், மார்ட்டின் ஹாரிஸ் என்ற வசதியான குடியானவரும் சேர்ந்து ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டனர். தேவதூதர் அந்தத் தகடுகளைத் தங்களுக்குக் காட்டினார் என்பது அவ்வறிக்கை. மூன்று சாட்சிகள் என்று இவர்களைக் குறிப்பிடுவர். இன்றும் மார்மன் நூலின் ஒவ்வொரு பிரதியிலும் முற்பக்கங்களில் இவர்களின் சாட்சியம் அச்சாகிறது. 5,000 பிரதிகள் அச்சிட 3,000 டாலர் தேவைப்பட்டது. ஹாரிஸ் தம் நிலத்தை அடைமானம் வைத்தார், பின்னர் அதில் 150 ஏக்கருக்கு மேல் விற்றே கடன் தீர்ந்தது. 1830ஆம் ஆண்டு மார்ச்சில் நூல் வெளிவந்தது. ஏப்ரல் 6ஆம் நாள் விட்மர் குடும்பத்தார் வீட்டில் சபை அமைக்கப்பட்டது. ஸ்மித் முதல் மூப்பர், கௌட்ரி இரண்டாம் மூப்பர். இரண்டு ஆண்டு கழித்து கௌட்ரி, டேவிட் விட்மரின் தங்கையை மணந்து அவருக்கு மைத்துனரும் ஆனார்.

எட்டே ஆண்டுகளில் மூன்று சாட்சிகளும் சபைக்கு வெளியே நின்றனர்.

இடையில் நடந்தது என்ன? சபையினர் ஒஹாயோ மாநிலத்தின் கர்ட்லாந்து என்னும் ஊரில் குடியேறி, அரும்பாடுபட்டு ஆலயம் ஒன்றைக் கட்டி, 1836ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் பிரதிஷ்டை செய்தனர். ஆலயம் எழும்பியது, கடனும் எழும்பியது. நிலம் இருந்தது, கையில் ரொக்கம் இல்லை. ஆகவே தலைவர்கள் வங்கி தொடங்க எண்ணினர். நோட்டு அச்சிடும் தகடுகளை வாங்கிவர கௌட்ரியே பிலடெல்பியாவுக்குச் சென்றார். ஆனால் மாநிலச் சட்டமன்றம் வங்கிக்கு அனுமதி தரவில்லை. தகடுகளோ வந்துவிட்டன. நோட்டில் இருந்த 'வங்கி' என்ற சொல்லின் முன்னும் பின்னும் சில எழுத்துகளைச் சேர்த்து, இது வங்கித் தொழிலுக்கு எதிரான கம்பெனி என்று பொருள்படும்படி மாற்றி, 1837ஆம் ஆண்டு சனவரியில் கடையைத் திறந்தனர்! தீர்க்கதரிசியே முன்னின்று நடத்தும் நிறுவனம் என்று நம்பி எளிய மக்கள் பணம் போட்டனர். அம்மாதம் முடிவதற்குள்ளாகவே நோட்டைக் கொடுத்து நாணயம் கேட்டவர்களுக்குக் கொடுக்க முடியாமல் போயிற்று. மே மாதத்தில் அமெரிக்கா முழுவதும் வங்கிகள் ஆட்டங்கண்டன. அந்த ஆண்டு முடிவதற்குள் கர்ட்லாந்து நிறுவனம் மூடப்பட்டது.

பணம் போனதைவிடப் பெரிய இழப்பு நம்பிக்கை போனது. கடவுளின் வாய்மொழியைப் பேசுபவர் கணக்கில் தவறலாமா என்று கேட்டார்கள். வேதம் வேறு வியாபாரம் வேறு என்று சிலர் சமாதானம் கூறினர். அவ்விரண்டும் கலந்தது யாரால் என்று மற்றவர்கள் திருப்பிக் கேட்டனர். நிறுவனத்தின் காசாளராகவும் ஸ்மித்துக்குச் செயலாளராகவும் இருந்த வாரன் பாரிஷ் எதிரணிக்குத் தலைமை தாங்கினார். பன்னிரண்டு அப்போஸ்தலர்களுள் லூக் ஜான்சன், லைமன் ஜான்சன், ஜான் பாயின்டன் ஆகிய மூவர் பதவி இழந்து சபைக்கு வெளியே போயினர். மார்ட்டின் ஹாரிசும் நீக்கப்பட்டார். 1838ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள் இரவு ஸ்மித்தும் கர்ட்லாந்தை விட்டு மிசூரி மாநிலத்துக்கு ஓடினார்.

கௌட்ரி அதற்கு முன்பே மிசூரிக்குப் போயிருந்தார். அவருக்கு எதிராக ஒன்பது குற்றச்சாட்டுகள் வந்தன. அவற்றுள் இரண்டை மட்டும் இங்கே பார்ப்போம். ஒன்று நிலம் பற்றியது. மிசூரியின் ஜாக்சன் மாவட்டத்தை சபையினர் புனித பூமியாகக் கருதினர். 1833ஆம் ஆண்டில் அங்கிருந்து அவர்கள் துரத்தப்பட்ட பின்னும், அந்நிலத்தை விற்கக் கூடாது என்பது தலைமையின் கட்டளை. கௌட்ரி தம் நிலத்தை விற்றுவிட்டார். மற்றொன்று இன்னும் கூர்மையானது. ஸ்மித்தின் வீட்டில் வேலை செய்துவந்த ஃபேனி ஆல்ஜர் என்ற இளம்பெண்ணுக்கும் அவருக்கும் முறைகேடான உறவு இருந்தது என்று கௌட்ரி குறிப்புக் காட்டிப் பேசிவந்தார். தம் அண்ணனுக்கு எழுதிய கடிதத்திலும் கடுஞ்சொற்களில் அதைக் கண்டித்திருந்தார். தீர்க்கதரிசியின் நற்பெயரைக் கெடுக்கிறார் என்று அது குற்றமாயிற்று.

விசாரணைக்கு கௌட்ரி நேரில் போகவில்லை. கடிதம் அனுப்பினார். உலகக் காரியங்களில் என் சொத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதில் எந்தச் சமயத் தலைமையின் அதிகாரத்துக்கும் நான் கட்டுப்பட மாட்டேன் என்பது அதன் கருத்து. தகடுகளைக் காணவே இல்லை என்று அவர் எழுதவில்லை. நேயர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தலைமையின் அதிகாரம் எங்கே முடிகிறது என்பதே அவருடைய வழக்கு. 1838ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் அவர் சபையிலிருந்து நீக்கப்பட்டார். மறுநாள் டேவிட் விட்மரும் நீக்கப்பட்டார்.

நீக்கம் என்றால் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குப் போகாமல் இருப்பது மட்டும்தான் என்று எண்ணிவிடக் கூடாது. அண்டை வீட்டார், கடைக்காரர், கடன் கொடுத்தவர், கடன் பட்டவர், பெண் கொடுத்தவர் எல்லோரும் ஒரே சபை. தோட்டத்தில் வேலை போனால் லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும் என்ற நிலை நம் முன்னோர்க்கு இருந்ததே, அதை நினைத்துப் பார்த்தால் இவர்களின் நிலை விளங்கும். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் 83 பேர் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று கௌட்ரி, விட்மர் சகோதரர்கள் முதலியோருக்கு வந்தது. மூன்று நாளில் மாவட்டத்தை விட்டு வெளியேற வேண்டும், இல்லையேல் விபரீதம் நேரும் என்று அது எச்சரித்தது. அவர்கள் வழக்கறிஞரைப் பார்க்க வெளியூர் சென்று திரும்புகையில், தங்கள் மனைவி மக்கள் வீட்டை விட்டு விரட்டப்பட்டு எதிரே வந்ததைக் கண்டதாக ஜான் விட்மர் எழுதி வைத்திருக்கிறார். தாமே துரத்தப்பட்டு வந்த மக்கள், தம்முள் மாறுபட்டவர்களைத் துரத்தினார்கள். வரலாற்றில் இது புதிதன்று. ஆயினும் படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

அந்த ஆண்டிலேயே இன்னொரு பெரிய பிரிவும் நேர்ந்தது. தாமஸ் மார்ஷ் என்பவர் பன்னிரண்டு அப்போஸ்தலர்களுக்கும் தலைவர். அவர் பிரிந்த கதையை மார்மன் பிரசங்கிகள் வெகுகாலமாக இப்படிச் சொல்லி வருகின்றனர். மார்ஷின் மனைவியும் அண்டை வீட்டுப் பெண்ணும் பாலைச் சேர்த்துப் பாலாடைக்கட்டி செய்ய ஒப்பந்தம் செய்துகொண்டனர். மார்ஷின் மனைவி கடைசியாகக் கறந்த பாலைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டார். மாடு கறப்பவர்களுக்குத் தெரியும், கடைசியில் வரும் பாலில்தான் ஆடை மிகுதி. வழக்கு சபை மன்றத்துக்குப் போயிற்று, தீர்ப்பு மனைவிக்கு எதிராக வந்தது, அந்தக் கோபத்தில் மார்ஷ் சபையையே விட்டுப் போனார் என்பது கதை. இக்கதை பிரசங்கமேடையில் சொல்லப்பட்டது 1856ஆம் ஆண்டில். அதாவது அவர் விலகி 18 ஆண்டுகளுக்குப் பிறகு.

மார்ஷ் விலகியபோது, 1838ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள், சத்தியம் செய்து கொடுத்த வாக்குமூலமும் இருக்கிறது. அதில் பால் இல்லை. மார்மன்களுக்கும் அவர்களை வெறுத்த மிசூரி மக்களுக்கும் மூண்ட சண்டையில், தம் ஆட்களே வீடுகளைக் கொளுத்திக் கொள்ளையடித்தார்கள் என்றும், அதைத் தம்மால் ஏற்க முடியவில்லை என்றும் அவர் சொல்லியிருக்கிறார். ஆர்சன் ஹைட் என்ற அப்போஸ்தலரும் அதை ஆதரித்துக் கையெழுத்திட்டார். பாலுக்காகப் போனார் என்று சொல்லிவிட்டால் மற்றக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை அல்லவா? எனினும் மார்ஷின் பக்கமே நியாயம் முழுவதும் இருந்தது என்றும் சொல்வதற்கில்லை. மூன்று நாள் கழித்து மிசூரி ஆளுநர் லில்பர்ன் பாக்ஸ், மார்மன்களை ஒழித்துக்கட்ட வேண்டும் அல்லது மாநிலத்தை விட்டுத் துரத்த வேண்டும் என்று ஆணையிட்டார். அத்தகைய ஆணை பிறப்பதற்கேற்ற சூட்டை இவ்வாக்குமூலமும் கூட்டியது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் குளிர்காலத்தில் வீடு வாசலை விட்டு வெளியேறின. அந்த ஆணையை மிசூரி அரசு முறைப்படி நீக்கியது 1976ஆம் ஆண்டில்தான்.

மார்ஷ் மனைவியை இழந்து, உடல் தளர்ந்து, கை கால் நடுக்கத்தோடு 1857ஆம் ஆண்டில் சால்ட் லேக் நகருக்கு வந்து மன்னிப்புக் கேட்டார். சபை அவரைச் சேர்த்துக்கொண்டது. ஒன்பது ஆண்டு கழித்து வறுமையில் இறந்தார்.

இல்லினாய் மாநிலத்தில் மார்மன்கள் நாவூ என்ற புதிய நகரை உருவாக்கினர். அங்கே ஸ்மித்துக்கு இரண்டாம் ஆலோசகராக இருந்தவர் வில்லியம் லா. அயர்லாந்தில் பிறந்தவர், ஆலையும் கடையும் வைத்திருந்த செல்வர். பலதார மணம் பற்றித் தமக்கு இறைவாக்கு வந்ததாக ஸ்மித் மிக நெருங்கியவர்களிடம் மட்டும் இரகசியமாகச் சொல்லிவந்தார். வெளியே யாராவது கேட்டால் சபையில் அப்படி எதுவும் இல்லை என்பதே பதில். அந்த இறைவாக்கு எழுதிய ஏட்டைப் படித்த லா, இதை விட்டுவிடும்படி ஸ்மித்திடம் மன்றாடியதாகக் கூறியிருக்கிறார். பயனில்லை. 1844ஆம் ஆண்டு ஏப்ரலில், அவர் இல்லாத கூட்டத்தில், லாவும் அவர் மனைவி ஜேனும் நீக்கப்பட்டனர்.

லா ஓர் அச்சகம் வாங்கினார். ஜூன் 7ஆம் நாள் நாவூ எக்ஸ்பாசிட்டர் என்ற பத்திரிகை வெளிவந்தது. ஜோசப் ஸ்மித் முதலில் போதித்த சமயம் மெய்யானது என்று நாங்கள் நம்புகிறோம் என்றுதான் அதில் தொடங்கினார்கள். அடுத்து, பலதார மணம் இரகசியமாக நடப்பதைக் கணவனும் மனைவியும் தனித்தனியே சத்தியம் செய்து உறுதிப்படுத்தியிருந்தனர். அப்போது ஸ்மித்தே நகர மேயர். நகர மன்றம் கூடி, அது பொதுமக்களுக்குத் தொல்லை தரும் பொருள் என்று தீர்மானித்தது. ஜூன் 10ஆம் நாள் அச்சு இயந்திரம் தெருவில் உடைத்தெறியப்பட்டது. எக்ஸ்பாசிட்டருக்கு இரண்டாம் இதழ் இல்லை. அச்சகத்தை அழித்த வழக்கைத் தொடர்ந்தே ஸ்மித் கார்த்தேஜ் ஊரின் சிறைக்குப் போனார். 27ஆம் நாள் முகத்தில் கரி பூசிய கும்பல் ஒன்று சிறைக்குள் புகுந்து அவரையும் அவருடைய அண்ணன் ஹைரமையும் சுட்டுக் கொன்றது. அது கொலை. எந்தப் பத்திரிகைச் செய்தியும் அதை நியாயமாக்க முடியாது.

எட்டு ஆண்டுகள் சென்றன. சபையின் பெரும்பகுதியினர் பிரிகாம் யங் தலைமையில் யூட்டா பாலைநிலத்தில் குடியேறியிருந்தனர். 1852ஆம் ஆண்டு ஆகஸ்டில் சபைத் தலைமை பலதார மணத்தை உலகறிய அறிவித்தது, ஸ்மித்தின் இறைவாக்கையும் வெளியிட்டது. லா அச்சிட்டபோது அது பொய் எனப்பட்டது. இப்போது அது வேதம் எனப்பட்டது. லா சபைக்குத் திரும்பவில்லை. பிற்காலத்தில் ஸ்மித்மேல் அவருக்கு இருந்த மதிப்பு முற்றும் போய், மிகக் கசப்பாகவே பேசினார். 1892ஆம் ஆண்டு விஸ்கான்சின் மாநிலத்தில் காலமானார்.

கௌட்ரி என்ன ஆனார்? ஒஹாயோவில் சட்டம் படித்து வழக்கறிஞரானார். ஊரில் நல்ல பெயரும் கிடைத்தது. பத்து ஆண்டுகள் வெளியே இருந்த பின் 1848ஆம் ஆண்டில், எந்தப் பதவியும் வேண்டாம், சாதாரண உறுப்பினனாகச் சேர்த்துக்கொண்டால் போதும் என்று கேட்டு மறுபடி ஞானஸ்நானம் பெற்றார். கொடுத்தவர் யார் தெரியுமா? மார்ஷின் வாக்குமூலத்தில் கையெழுத்திட்டுப் பின்னர் திரும்பி வந்திருந்த அதே ஆர்சன் ஹைட்! கௌட்ரி யூட்டா போய்ச் சேரவில்லை. நுரையீரல் நோயால் 1850ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள், தம் 43ஆம் வயதில், மிசூரியின் ரிச்மண்ட் ஊரில் விட்மர் குடும்பத்தாரிடையே உயிர் நீத்தார்.

அருகிருந்த டேவிட் விட்மரோ திரும்பவே இல்லை. ரிச்மண்டில் வாடகைக் குதிரைக் கொட்டில் நடத்தினார், ஊர் மேயராகவும் இருந்தார். 1887ஆம் ஆண்டில் ஒரு சிறுநூல் வெளியிட்டு, மார்மன் நூல் மெய், ஸ்மித் பின்னாளில் வழி தவறினார் என்று எழுதினார். மறு ஆண்டு இறந்தார். மார்ட்டின் ஹாரிஸ் 1870ஆம் ஆண்டில், எண்பத்தேழு வயதுக் கிழவராக, ரயிலேறி யூட்டாவுக்குப் போய்ச் சேர்ந்தார்.

யூட்டாவிலும் பிரிவுகள் நின்றபாடில்லை. அமாசா லைமன் என்ற அப்போஸ்தலர் 1862ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் செய்த பிரசங்கத்தில், இயேசுவின் மரணத்தால்தான் மீட்பு என்ற கொள்கை தேவையில்லை என்று பேசினார். இங்கே சண்டை நிலத்தைப் பற்றியதோ பணத்தைப் பற்றியதோ அன்று. அவருடைய நம்பிக்கையே மாறிவிட்டது. மன்னிப்புக் கேட்டார், மறுபடியும் அதையே போதித்தார். 1867ஆம் ஆண்டில் பதவியும், 1870ஆம் ஆண்டில் சபை உறுப்புரிமையும் பறிபோயின. மனைவியருள் சிலர் அவரை விட்டுப் பிரிந்தனர். அவருடைய மகன் பிரான்சிஸ் சபையிலேயே நின்று, பின்னர் தாமும் அப்போஸ்தலராகி, பன்னிருவர்க்கும் தலைவராக உயர்ந்தார். 1909ஆம் ஆண்டில், லைமன் இறந்து 32 ஆண்டுகள் ஆனபின், சபை அவருடைய பழைய நிலையை அவருக்குத் திருப்பி அளித்தது.

நம் காலத்துக்கு வருவோம். ஹான்ஸ் மாட்சன் என்பவர் சுவீடன் நாட்டுக்காரர். 2000ஆம் ஆண்டு முதல் 2005ஆம் ஆண்டு வரை ஐரோப்பாவில் சபையின் உயர் பொறுப்பு ஒன்றை வகித்தவர். இணையத்தில் சபையின் பழைய வரலாற்றைப் படித்த உறுப்பினர்கள் அவரிடம் வந்து கேட்கத் தொடங்கினர். ஸ்மித்துக்கு எத்தனை மனைவியர்? தகடுகளைப் பார்க்காமல் தொப்பிக்குள் ஒரு கல்லை வைத்து, அதற்குள் முகம் புதைத்து நூலைச் சொன்னார் என்கிறார்களே, மெய்தானா? மாட்சன் இவற்றை எதிரிகளின் அவதூறு என்றே முதலில் நினைத்தார். தேடிப் பார்த்தபோது அவதூறாகத் தோன்றவில்லை. மேலிடத்தைக் கேட்டார், மனம் நிறையும் பதில் கிடைக்கவில்லை. 2010ஆம் ஆண்டு நவம்பரில் சபையின் வரலாற்று அலுவலர் இருவர் ஸ்டாக்ஹோமுக்கு வந்து ஐயம் கொண்டவர்களைச் சந்தித்தனர். அதுவும் அவர் ஐயத்தைத் தீர்க்கவில்லை. 2013ஆம் ஆண்டு ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் தம் மனத்திலுள்ளதை வெளிப்படையாகச் சொன்னார். வாழ்நாளெல்லாம் தாம் பிறர்க்குப் போதித்ததில் இவை ஏன் இல்லை என்பதே அவருக்கு ஆறாத புண்.

அவ்வாண்டின் இறுதி முதல் சபைத் தலைமை தன் இணையப் பக்கத்தில் வரலாற்றுக் கட்டுரைகளை ஒன்றன்பின் ஒன்றாக வெளியிட்டது. தொப்பியும் கல்லும் அதில் வந்தன. 2014ஆம் ஆண்டு அக்டோபரில் வந்த கட்டுரை பலதார மணத்தைப் பற்றியது. துண்டு துண்டாகக் கிடைக்கும் சான்றுகளின்படி, 1830களின் நடுவில் ஜோசப் ஸ்மித் கர்ட்லாந்தில் ஃபேனி ஆல்ஜர் என்ற பெண்ணை மணந்திருந்தார் என்று அக்கட்டுரை தெரிவிக்கிறது. கௌட்ரி அதை முறைகேடு என்றார், சபை அதை மணம் என்கிறது. அப்படி ஒன்று நடந்ததா என்ற கேள்விக்கு மட்டும் இருவர் சொல்லும் பதிலும் இப்போது ஒன்றுதான். அந்தப் பள்ளி ஆசிரியர் நீக்கப்பட்ட நாளிலிருந்து அதற்குள் 176 ஆண்டுகள் ஓடியிருந்தன.